மாவில் விரல் தடம், பாலில் கரித்துண்டு: பஞ்சாபிச் சமையலறை நம்பிக்கைகள்

இரவுச் சமையல் முடிந்து, பராத் என்ற அகலத் தட்டில் பிசைந்த கோதுமை மாவு மீந்துவிட்டால், பழைய பழக்கம் உள்ள பஞ்சாபி வீடுகளில் அதை அப்படியே உருட்டி மூடி வைக்க மாட்டார்கள். மூடுவதற்கு முன் மூன்று நான்கு விரல்களால் அழுத்திக் குழி போடுவார்கள். பதம் பார்ப்பதற்காக அல்ல. வழவழவென்று உருண்டையாக இருக்கும் மாவு, இறந்தவருக்கு வைக்கும் பிண்டத்தைப் போலிருக்கும். அப்படி ஒன்று இரவு முழுக்க வீட்டில் இருந்தால், அலையும் ஆவி தனக்கு வைத்த படையல் என்று எண்ணி உள்ளே வந்துவிடுமாம். விரல் தடம் விழுந்துவிட்டால் அது பிண்டம் இல்லை, நாளைக்குச் சுடப்போகும் ரொட்டி.

பஞ்சாபி உணவு நம்பிக்கைகளுக்குள் புதிதாக நுழைகிறவருக்கு, அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒரு நீண்ட ‘செய்யாதே’ பட்டியலாகத் தோன்றும். பெரும்பாலானவற்றை மூன்று கேள்விகளில் அடக்கிவிடலாம். இந்தச் சாப்பாடு யார் கண்ணில் பட்டது? இது பார்க்க எதைப் போலிருக்கிறது? இதை எண்ணினோமா, கேட்காமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போகவிட்டோமா? முதலாவது நஜர், அதாவது கண்ணேறு. இரண்டாவது சாவுச் சடங்கின் நிழல். மூன்றாவது பர்க்கத், அதாவது இருப்பதில் குறைவு வராமல் காக்கும் அருள். இந்திய, பாகிஸ்தான் பஞ்சாப் இரண்டிலும் இவை உண்டு. பிண்டம் போன்ற சில இந்துச் சடங்கோடு ஒட்டியவை என்றாலும், நஜரும் பர்க்கத்தும் இந்து, சீக்கிய, முஸ்லிம் வீடுகள் எல்லாவற்றுக்கும் பொது.

வெள்ளையாக இருந்தால் ஆபத்து

கண்ணேறு எல்லா உணவையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை என்பது இங்குள்ள நம்பிக்கை. வெள்ளை நிறம், இனிப்பு, எல்லாருக்கும் தெரியும்படி இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பயம் அதிகம். பால், கீர், வெண்ணெய், பத்தாசா என்ற சர்க்கரை மிட்டாய் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பரிகாரமும் நிறத்தில்தான் இருக்கிறது: வெள்ளையைக் கெடுத்துவிட வேண்டும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பால் கொடுத்தனுப்பும்போது, அதில் ஒரு சிறு கரித்துண்டையோ இரண்டு புல் இதழையோ போட்டு அனுப்புவது பழைய வழக்கம். குழந்தை பாலோ இனிப்போ சாப்பிட்டுவிட்டு வெளியே ஓடினால், நாக்கில் துளி உப்போ அடுப்புச் சாம்பலோ தடவி விடுவார்கள். வாயில் இனிப்பு மணத்தோடு அரசமரத்தடியிலோ சுடுகாட்டுப் பக்கமோ போகக் கூடாது என்பதும் இதே கணக்குதான். அங்கே பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரி இல்லை, சுடேல் என்ற பெண் பேய்.

எருமை வைத்திருக்கும் வீட்டில் இந்தப் பயம் இன்னும் கூர்மையானது. பஞ்சாபி விவசாயக் குடும்பத்தில் எருமை என்பது அன்றாடம் காசு தரும் சொத்து. கறவை குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதனால்தான் எருமையின் கழுத்தில் கறுப்புக் கயிறும், சில இடங்களில் ஒரு பழைய செருப்பும் தொங்கும். கன்று ஈன்ற முதல் சில நாள் சீம்பாலுக்கு பௌஹ்லி என்று பெயர். வெல்லம் சேர்த்துக் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்குப் பங்கு போடுவார்கள். அதன் பிறகு முதல் பாலையோ முதல் வெண்ணெயையோ ஊர்த் தெய்வத்துக்கோ குலமுன்னோர் இடத்துக்கோ வைத்துவிட்டுத்தான் விற்பனை. ‘எவ்வளவு நல்ல எருமை!’ என்று யாராவது வாய்விட்டுச் சொன்ன மறுநாள் கறவை குறைந்தால் பழி சொன்னவர்மேல் விழும். மடிநோய், வெயில் அயர்ச்சி, தீவன மாற்றம் ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்பது நல்லது. மடிநோயில் காம்பு சூடாகும், பாலில் திரி திரியாக வரும். அதைக் கண்ணேறு என்று மூன்று நாள் விட்டுவைத்தால் அந்தக் காம்பே போய்விடலாம்.

பட்ட கண்ணேற்றை எடுப்பதற்கு மிளகாய் சுற்றிப் போடும் சடங்கு உண்டு. காம்பு உடையாத காய்ந்த சிவப்பு மிளகாய் ஏழு, ஒரு பிடி உப்பு, கொஞ்சம் கடுகு. மூன்றையும் வலது கைக்குள் மூடி வைத்து, பாதிக்கப்பட்டவரின் தலையைச் சுற்றி ஏழு முறை சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் பேசக் கூடாது. நேராக அடுப்புக்குப் போய் நெருப்பில் போட்டுவிட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பிறகுதான் சோதனை: நெடி அடித்து இருமல் வந்தால் கண்ணேறு இல்லை, நெடியே வரவில்லை என்றால் கண்ணேறு பட்டிருந்தது, இப்போது எரிந்துபோயிற்று. தமிழ் வீடுகளில் மிளகாய், உப்பு சுற்றிப் போடும்போது சொல்லும் அதே தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை முடிவு செய்வது நெருப்பின் வகைதான். கொழுந்துவிட்டு எரியும் தீயில் மிளகாய் முழுவதும் எரிந்துவிடும்; உறைப்பைத் தரும் கேப்சைசினும் சேர்ந்து எரியும், மிச்சப் புகையும் சூட்டோடு மேலே போய்விடும். நெடி குறைவு. கணகணக்கும் தணலிலோ காய்ந்த தவாவிலோ போட்டால் மிளகாய் கருகும், எரியாது. கேப்சைசின் ஆவியாகி அறை முழுக்கப் பரவும். பழைய விறகடுப்பில் ‘கண்ணேறு பட்டிருந்தது’ என்று வந்த வீட்டிலேயே, கேஸ் அடுப்பில் தவாவை வைத்துச் செய்தால் எல்லாரும் இருமுவார்கள். ஆஸ்துமா உள்ளவரும் கைக்குழந்தையும் இருக்கும் மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது.

மூன்று ரொட்டி, கவிழ்ந்த தவா

‘எதைப் போலிருக்கிறது’ என்ற கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டு தட்டில் வைக்கும் ரொட்டியின் எண்ணிக்கை. பலரும் உயிரோடிருப்பவரின் தட்டில் ஒரே நேரத்தில் மூன்று ரொட்டி வைப்பதில்லை. மூன்று என்பது இறந்தவருக்கான படையலின் எண்ணிக்கை. இரண்டு வைப்பார்கள், சாப்பிட்டு முடித்ததும் இன்னொன்று வரும். மூன்றுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவருக்கு மூன்றாவதை இரண்டாகப் பிய்த்து வைத்துவிடுவது சுலபமான தப்பிப்பு. சுட்ட ரொட்டியில் முதலாவது பசுவுக்கு, கடைசி நாய்க்கு என்பது இதோடு ஒட்டி வரும் பழக்கம்.

தவாவுக்கும் தனிச் சட்டம். அடுப்பில் கவிழ்த்து வைக்கக் கூடாது. அது துக்க வீட்டின் அடையாளம். சுட்டு முடித்த சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்தச் ‘ச்ச்ச்’ ஓசை வீட்டுக்குக் கேடு என்பார்கள். இதில் பழக்கமும் பலனும் ஒத்துப்போகின்றன. காய்ந்த இரும்புத் தவாவில் குளிர்ந்த நீர் பட்டால் தகடு வளையும், வார்ப்பிரும்பு என்றால் விரிசல் விடும், தெறிக்கும் ஆவி கையைச் சுடும். தானாக ஆறவிட்டுத் துடைத்து, துளி கடுகெண்ணெய் தடவி நிமிர்த்தி வைத்தால் போதும்.

எல்லா மூடநம்பிக்கைக்கும் பின்னால் ‘முன்னோர் அறிவியல்’ இருக்கிறது என்று சமூக ஊடகங்களில் எழுதுகிறார்கள். அதை நம்ப வேண்டாம். மீந்த மாவு விஷயத்தில் ஓரளவு சொல்லலாம்: பஞ்சாபின் ஜூன் மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், வெளியே வைத்த மாவு விடிவதற்குள் புளித்து நீர்த்துவிடும். ஆனால் விரல் தடம் போட்டாலும் அது புளிக்கத்தான் செய்யும். மூன்று ரொட்டிக்கோ உடலியல் காரணம் எதுவும் இல்லை. அது முழுக்க முழுக்கச் சாவு வீட்டு நினைவு.

எண்ணாதே, வெறுங்கையோடு அனுப்பாதே

பர்க்கத்தின் அடிப்படை விதி: எண்ணினால் குறையும். வீட்டில் ரொட்டி சுடும்போது ‘எத்தனை ஆச்சு’ என்று கேட்பதைப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள். ‘எத்தனை பேருக்கு’ என்று கேட்பார்கள். இந்த விதி முழு உருவில் தெரிந்த இடம் கதிரடிக்கும் களம். தூற்றி முடித்த பொலிக்கு போஹல் என்று பெயர். அன்றைய பஞ்சாப் மாகாணத்தில் இருந்த கர்னால் பகுதியைப் பற்றி ஆங்கிலேய அதிகாரி டென்சில் இபட்சன் எழுதி 1883-ல் வெளியான நிலவரி அறிக்கை, குடியானவர்களின் இப்படிப்பட்ட வழக்கங்களை விரிவாகவே பதிவு செய்கிறது. பொலியைச் சுற்றி ஒரு கோடு கிழிப்பார்கள், இரும்புக் கருவி ஒன்றைச் செருகுவார்கள், கோட்டுக்குள் ஒரு சிலர் மட்டும் நின்று பேச்சில்லாமல் அளப்பார்கள். முதல் அளவைக்கு ‘ஒன்று’ என்ற சொல் வராது. ‘பர்க்கத்’ என்றுதான் தொடங்கும், பிறகு இரண்டு, மூன்று. நம் ஊர்க் களத்திலும் தானியக் கடையிலும் ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று அளப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சுல்தான்பூர் லோதியில் அரசுத் தானியக் கிடங்கில் குருநானக் வேலை பார்த்த காலத்துக் கதையும் அளவையைப் பற்றியதுதான். அளந்துகொண்டே வந்தவர் பதின்மூன்றில் ‘தேரா’ என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டார். அந்தச் சொல்லுக்கு ‘உன்னுடையது’ என்றும் பொருள். தொடர்ந்து ‘தேரா, தேரா’ என்றே அள்ளிக் கொடுத்தார், கணக்குப் பார்த்தபோது கிடங்கில் எதுவும் குறையவில்லை என்பார்கள். அவர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் எடைக்கற்கள் அங்கே ஹட் சாகிப் குருத்வாராவில் வைக்கப்பட்டிருக்கின்றன. இன்று கோதுமையை அறுப்பது கம்பைன் எந்திரம், அடைப்பது 50 கிலோ சாக்கில், எடை போடுவது மண்டியின் மின்தராசு. முதல் சாக்குக்கு யாரும் ‘பர்க்கத்’ சொல்லக் காத்திருப்பதில்லை. களத்தில் அழிந்த விதி சமையலறையில் மட்டும் தங்கிவிட்டது.

அங்கே அது பல வடிவில் வரும். பொழுது சாய்ந்த பிறகு பாலையும், ‘ஜாக்’ என்ற தயிர் உறைமோரையும் வெளியே கொடுப்பதில்லை. உறைமோர் என்பது ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டிதான். ஆனால் அது போனால் நாளைய தயிரும் வெண்ணெயும் கூடவே போவதாகக் கணக்கு. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒரு துண்டு வெல்லமாவது, ஒரு பிடி தானியமாவது இருக்கும்.

உப்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, சண்டை வரும். கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். மிளகாய்க்கும் இதே விதி. உப்பைச் சிந்துவது பாவம். சிந்தினவர் மறுமையில் அதைக் கண் இமையால் பொறுக்கி எடுக்க வேண்டி வரும் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். உலகின் மிகப்பெரிய உப்புச் சுரங்கங்களில் ஒன்றான கேவ்ரா, பாகிஸ்தான் பஞ்சாபில் ஜீலம் மாவட்டத்தில் இருக்கிறது. அது இருந்தும் உப்புக்கு இவ்வளவு மரியாதை. பாறையாகக் கிடைப்பதை வெட்டி, வரி கட்டி, ஒட்டகத்தில் ஏற்றி வீடு சேர்க்க வேண்டியிருந்த காலத்தின் எச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சின்னச் சின்ன சகுனங்கள்

மாவு பிசையும்போது ஒரு துணுக்குத் தெறித்து பராத்துக்கு வெளியே விழுந்தால் விருந்தாளி வருகிறார். வீட்டு மதில்மேல் காகம் கரைந்தாலும் அதே செய்தி. நாட்டுப்பாடல்களில் அதற்குக் கூலியாகச் சூரி கொடுப்பதாகச் சொல்வார்கள். சூரி செய்ய, தவாவிலிருந்து எடுத்த இரண்டு தடித்த ரொட்டியை ஆறுவதற்குள் கையால் பொடித்து, இரண்டு தேக்கரண்டி நெய்யும் அதே அளவு நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தால் ஆயிற்று. ஆறிய ரொட்டியில் செய்தால் நெய் இறங்காது.

விறகடுப்பில் தவாவின் அடியில் படிந்த கரி பொட்டுப் பொட்டாகப் பற்றி மின்னுவதைத் ‘தவா சிரிக்கிறது’ என்பார்கள். அதற்கு என்ன பலன் என்பது வீட்டுக்கு வீடு மாறும். இடுக்கியைத் தட்டி ஓசை எழுப்பினால் வீட்டில் சச்சரவு. கடாயிலிருந்து நேராக வழித்துச் சாப்பிட்டால் கல்யாணத்தன்று மழை கொட்டும். மழைக்காலத்தில் கல்யாணம் வைத்துவிட்டு மணப்பெண்ணின் சின்ன வயதுக் கடாயைக் குறை சொல்வது ஒரு வசதி.

நல்லதற்கான உணவுகளும் உண்டு. தேர்வுக்கோ பயணத்துக்கோ கிளம்புகிறவர் வாயில் ஒரு கரண்டி தயிரும் சர்க்கரையும். நிச்சயத்தில் மாப்பிள்ளை வாயில் பேரீச்சங்காய், சுவாரா. புதுமணத் தம்பதி வாசலில் நிற்கும்போது நிலையின் இரு பக்கமும் கடுகெண்ணெய் சொட்டுவார்கள். பிறகு மாமியார் செம்பில் தண்ணீர் எடுத்து இருவர் தலையையும் சுற்றி ஒவ்வொரு முறையும் குடிக்கப் போவார், மகன் தடுப்பான். அவர்கள்மேல் இருக்கும் கேட்டைத் தாய் விழுங்கிக்கொள்ளத் துணிவதாக இதற்கு அர்த்தம். பல வீடுகளில் அது ஏழு முறை. மருமகள் அந்த வீட்டில் முதலில் சமைப்பது இனிப்புதான், பெரும்பாலும் கீர் அல்லது அல்வா.

அடுப்பு மூட்டாத நாள்

சேத் மாதத்தில், அதாவது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள், அம்மை நோயின் தெய்வமான சீத்லா மாதாவுக்குப் பழையது படைப்பார்கள். அன்று அடுப்பு எரிந்தால் அம்மனின் சூடு ஏறும் என்ற பயம். லூதியானா வட்டாரத்தில் ஜர்க் என்ற ஊரின் திருவிழா இதற்குப் பேர்போனது. திங்கள் மாலையே குல்குலே என்ற வெல்லப் பணியாரம் சுட்டு வைத்து, செவ்வாயன்று படைத்து, அம்மனின் வாகனமான கழுதைக்குத் தின்னக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டார் சாப்பிடுவார்கள்.

குல்குலேக்கு கோதுமை மாவு இரண்டு பங்கு, வெல்லம் ஒரு பங்கு, கொஞ்சம் சோம்பு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கரண்டியிலிருந்து தொப்பென்று விழும் பதத்துக்கு மாவைக் கரைத்து, மிதமான தீயில் பொரிக்க வேண்டும். தீ அதிகமானால் வெல்லம் மேலே கறுத்துவிடும், உள்ளே பச்சை மாவாக இருக்கும். அந்தப் பச்சை மாவுதான் மறுநாள் புளிக்கிறது. நன்றாக வெந்த குல்குலே ஒரு இரவு தாங்கும். இனிப்புச் சோறு வைப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்: சோற்றை அறைச்சூட்டில் இரவு முழுக்க விட்டால், சமையலில் சாகாத பேசில்லஸ் செரியஸ் கிருமியின் விதைகள் முளைத்து நஞ்சு உண்டாக்கும். சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. இந்தியாவில் பெரியம்மை கடைசியாக 1975-ல் கண்டது, 1980-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆனாலும் ஜர்க்கில் கழுதைக்குக் குல்குலே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஜனவரி 13 லோஹ்ரிப் பண்டிகை இரவில் தீயில் எள்ளும் வெல்லமும் போட்டு, ‘வளமே வா, வறுமையே போ’ என்ற பொருளில் பாடுவார்கள். அன்று இரவே கரும்புச் சாற்றில் அரிசிப் பாயசம் காய்ச்சி மறுநாள் மாகித் திருநாளில் ஆறியதைச் சாப்பிட வேண்டும். ‘போஹில் சமைத்து மாக்கில் உண்பது’ என்பது அதற்கான வாய்மொழி. ஒரு மாதத்தின் உணவு அடுத்த மாதத்துக்கும் நீளுவதால் ஆண்டு முழுக்கக் குறைவிராது என்று நம்பிக்கை. ஒரு லிட்டர் சாற்றுக்கு 100 கிராம் அரிசி. கொதிக்கும்போது எழும் அழுக்கு நுரையை எடுத்துவிட்ட பிறகே அரிசியைப் போட வேண்டும். சூட்டில் பால் ஊற்றினால் திரிந்துவிடும், கரும்புச் சாறு லேசான புளிப்பு உடையது. அதனால் ஆறிய பிறகு தயிரோடு சாப்பிடுகிறார்கள்.

பாகிஸ்தான் பக்கத்துக் கிராமங்களில் ஒவ்வொரு இஸ்லாமிய மாதத்தின் 11-ம் நாளும் பாலை விற்காமல், கடையாமல், சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி பெயரால் பங்கு போடுவது வழக்கம். தவறினால் எருமைக்கு ஆகாது என்ற பயம் அதன் பின்னால் இருக்கிறது.

மறுத்தவர்கள்

இந்த மண்ணிலேயே இதற்கு எதிர்ப்பும் பழையது. பிரசவ, சாவுத் தீட்டால் சமையலறை அசுத்தமாகும் என்ற எண்ணத்தை குருநானக் ‘ஆசா தி வார்’ பாடலில் நேரடியாகக் கேள்வி கேட்கிறார்: விறகிலும் சாண வரட்டியிலும் புழு இருக்கிறது, தானியத்தில் ஒன்றுகூட உயிரில்லாமல் இல்லை, தீட்டுப் பார்த்தால் அடுப்பங்கரை எப்படித் தப்பும்? 1945-ல் ஏற்கப்பட்ட சீக்கிய ஒழுக்க நெறி நூலான ரஹித் மரியாதா, மந்திரம், சகுனம், நல்ல நேரம், பிண்டம், சிராத்தம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி விலக்குகிறது. நூல் விலக்கியது வேறு, வீட்டில் நடப்பது வேறு. மாவில் விரல் பதிக்கும் சீக்கியப் பாட்டிகளுக்குக் குறைவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு பகுத்தறிவாளர்களிடமிருந்து வந்தது. 1984-ல் பர்னாலாவில் தொடங்கிய தர்க்கஷீல் சொசைட்டிக்கு உந்துதல் தந்தவை ஆபிரகாம் கோவூரின் எழுத்துகள். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர் அவர். மிளகாய்ச் சோதனை போன்றவற்றை ஊர் ஊராகச் செய்துகாட்டி விளக்குவது இப்படிப்பட்ட இயக்கங்களின் முறை.

விட்டுவிட வேண்டியவை

பெரும்பாலான நம்பிக்கைகளால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டை மட்டும் சும்மா விட முடியாது. ஒன்று குட்த்தி: பிறந்த குழந்தையின் வாயில் தாய்ப்பாலுக்கு முன் தேனோ வெல்ல நீரோ விரலால் தொட்டு வைப்பது. யார் வைக்கிறாரோ அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பதால், குடும்பத்தில் மதிப்புள்ள ஒருவரைக் கூப்பிடுவார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற தசை முடக்கும் நோய் வரலாம்; குழந்தையின் குடல் அந்தக் கிருமி விதைகளைத் தடுக்கும் அளவு வளர்ந்திருக்காது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் ஆறு மாதம் அது மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெரியவர் மனம் கோணக் கூடாது என்றால், அவர் கையால் குழந்தையின் நெற்றியைத் தொட்டு வாழ்த்தச் சொல்லலாம்.

மற்றொன்று கிரகணம். கர்ப்பிணி அப்போது சாப்பிடக் கூடாது, கத்தியால் காய் நறுக்கக் கூடாது, நறுக்கினால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்பார்கள். தமிழ்நாட்டிலும் இதையே கேட்கலாம். உதடு உருவாவது கர்ப்பத்தின் நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். எட்டாம் மாதத்தில் வரும் கிரகணத்துக்கு அதில் வேலை இல்லை. மணிக்கணக்கில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதுதான் உண்மையான தொந்தரவு. தர்ப்பைப் புல்லை உணவுமேல் போட்டால் தோஷம் நீங்கும் என்ற சலுகை வழக்கத்திலேயே இருப்பதால், வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்பவர்கள் புல்லைப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

பஞ்சாபி வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவருக்கு: எருமையைப் புகழ நேர்ந்தால் உடனே ‘வாஹெகுரு’ என்றோ ‘மாஷா அல்லா’ என்றோ சேர்த்துச் சொல்லிவிடுங்கள். உப்புக் கேட்டால் கையை நீட்டாமல், மேசையில் வைக்கும்வரை பொறுத்திருங்கள். ரொட்டி எத்தனை சாப்பிட்டீர்கள் என்று நீங்களும் எண்ணாதீர்கள். எண்ணினாலும் அடுத்தது தட்டில் விழத்தான் போகிறது. போதும் என்றால் தட்டின்மேல் உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும், வாயால் சொல்வது செல்லாது.